முதல் மாதத்துக்கும் பணம் வேண்டும்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் விசாவுக்காக 11,904 யூரோவை ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்னும் முடக்கக் கணக்கில் கட்டுகிறார்கள். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தும் அம்மாவின் வளையலை விற்றும் திரட்டிய பணம் அது. ஆனால், அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும்.

போய் இறங்கியதுமே அறைக்கு மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்பார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கும் மாதந்தோறும் கட்ட வேண்டும். திண்டாட்டம் இங்கேதான் தொடங்குகிறது. பகுதிநேர வேலையை மட்டும் நம்பி விமானம் ஏறக் கூடாது. பொதுவாக ஆண்டுக்கு 140 முழு நாள்களே வேலை செய்யலாம்.

கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே வங்கிகள் இந்த வரவு செலவுக் கணக்கை விளக்க வேண்டும். பெற்றோரே, முதல் மாதச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். பிறகு பயணச்சீட்டு வாங்குங்கள்.