வானத்துக் கண்ணும் மலைக்காய்ச்சலும்

விண்ணில் சுற்றும் செயற்கைக் கோளுக்கும் ஓடைக்கரையில் பிறக்கும் கொசுவுக்கும் என்ன உறவு என்று வாசக அன்பர்கள் வினவுதல் கூடும். செயற்கைக் கோள் கொசுவைக் காண்பதில்லை, காய்ச்சலையும் காண்பதில்லை. ஆயினும் மலேரியா எங்கே, எப்பொழுது தலைதூக்கும் என்பதை முன்னறிய இன்று உலகெங்கும் அதன் துணை நாடப்படுகிறது. கொல்லிமலையை முன்வைத்து இதனைச் சிறிது ஆராய்வோம்.

கொல்லும் காய்ச்சலே இம்மலைக்குப் பெயர் தந்தது என்பார் உளர். அது பிற்காலத்தார் கற்பித்த பொருள் என்பதே நம் எண்ணம். வல்வில் ஓரி ஆண்ட சங்க காலத்திலேயே இது கொல்லி எனப்பட்டது. எனினும் மக்களின் அச்சம் பொய்யானதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயரும் அவர் துணைவியார் ஈவ்லினும் இம்மலையில் குடியேறி, நோயாளருக்கு மருந்தளித்தும் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியும் வாழ்ந்தனர். அவர்கள் வேறு சபையினர். ஆயினும் அவர்தம் தொண்டை நாம் நன்றியுடன் நினைத்தல் தகும். 1929-இல் ஜெஸ்ஸி பிராண்ட், சிறுநீர் கருத்துப்போகும் கொடிய வகை மலேரியாவுக்கு இம்மலையிலேயே இரையானார். இங்கே வளர்ந்த அவர் மகன் பால் பிராண்ட், தந்தை இறந்தபோது இங்கிலாந்தில் பயின்றுகொண்டிருந்த சிறுவன். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய புகழாளர் அவரே. ஈவ்லின் அம்மையாரோ முதுமையிலும் மலையை மறவாது திரும்பி வந்து உழைத்து, 1974-இல் மறைந்தார்.

காய்ச்சலுக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள தொடர்பு கணக்கிடத்தக்கது. நோயாளியின் இரத்தத்தோடு கொசுவின் வயிற்றுக்குள் புகுந்த மலேரியாக் கிருமி, அங்கே முதிர்ந்த பின்னரே அடுத்தவருக்குத் தொற்றும். கொடிய வகைக் கிருமி முதிர 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 12 நாட்கள் போதும். 20 டிகிரியில் நான்கு வாரம் ஆகும். கொசுவின் ஆயுளோ பெரும்பாலும் இரண்டு மூன்று வாரமே. ஆகவே குளிர்ந்த இடத்தில் கிருமி முதிர்வதற்குள் கொசு மடிந்துவிடுகிறது. இது இயற்கை மலைவாழ் மக்களுக்கு இட்ட வேலி. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது; கொல்லிமலையின் மேற்பரப்போ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்த வேலி கோடையில் தாழும். வெதுவெதுப்பான சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் அது முன்னமே தாழ்ந்ததுதான். இரண்டே டிகிரி கூடி 20 என்பது 22 ஆனால், நான்கு வாரம் 19 நாட்களாகச் சுருங்குகிறது. பூமியின் வெப்பம் உயர்ந்துவரும் இக்காலத்தில் இஃது அலட்சியம் செய்யத்தக்க கணக்கன்று.

செயற்கைக் கோள் உதவுவது இங்கேதான். முதல் லேண்ட்சாட் 1972-இல் ஏவப்பட்ட நாள்தொட்டு நிலத்தின் படங்கள் சேர்ந்துவருகின்றன. பசிய இலை சிவப்பு ஒளியை உண்டு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு நிலத்தின் பசுமையையும், அதன்வழி ஈரத்தையும் மதிப்பிடுகின்றனர். நிலம் வெளிவிடும் வெப்பக் கதிரால் அதன் சூட்டையும், மேக உச்சியின் குளிர்ச்சியால் மழையையும் கணிக்கின்றனர். கடலின் வெப்பமும் இவ்வாறே அளக்கப்படுகிறது. நம் நாட்டின் வடமேற்கு வறண்ட பகுதிகளைப் பற்றி 2013-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஜூலையில் தென் அட்லாண்டிக் கடல் எவ்வளவு வெப்பமாயுள்ளது என்பதைக் கொண்டு, நான்கு மாதம் கழித்து அங்கே மலேரியா பெருகுமா என்பதை உய்த்துணரலாம் எனக் காட்டியது. எங்கோ கிடக்கும் கடல், எங்கோ இருக்கும் குஜராத்துச் சிற்றூர்!

ஆனால் மழை மிகுந்தால் நோய் மிகும் என்று எங்கும் ஒரே சூத்திரம் போட்டுவிட முடியாது. இலங்கையில் 1934-35-இல் நிகழ்ந்த பெருங்கேடு இதற்குச் சான்று. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்பொழுதும் நீர் புரண்டோடும் ஆறுகள் வற்றி, மணலிடையே தெளிந்த குட்டைகளாயின. அவற்றில் அனாபிலிஸ் கொசு அளவின்றிப் பெருகியது. ஈரமண்டலத்து மக்கள் மலேரியாவுக்குப் பழகாதவர்கள். சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். இராஜஸ்தானத்தில் மழை கொணரும் கேட்டை அங்கே வறட்சி கொணர்ந்தது! எந்தக் கொசு, எத்தகைய நீரில் முட்டையிடும் என்பதை உள்ளூரில் அறியாதவருக்கு வானத்துக் கணக்கு வழிகாட்டாது.

தென்னிந்திய மலைகளில் நெடுநாளாக அஞ்சப்பட்டது அனாபிலிஸ் புளூவியாட்டிலிஸ். இலத்தீன் கற்ற எவருக்கும் அப்பெயரிலேயே ஆறு ஓடுவது தெரியும்! மெல்ல நகரும் ஓடை நீரின் புல்லோரமே அதன் தொட்டில். பலாவும் காப்பிச் செடியும் மூடிய நிழலில் ஓடும் அத்தகைய ஓடையை வானத்துக் கண் காண்பது அரிது. மழைக்காலத்தில் மேகமும் மறைக்கும். மேலும், ஒரு கிலோமீட்டர் சதுரத்தை ஒரே புள்ளியாகக் காட்டும் படத்தில், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் இம்மலைச் சரிவின் சூடும் குளிரும் ஒன்றாய்க் குழைந்து, எங்குமே இல்லாத ஒரு வெப்பத்தைக் காட்டும். பிழைப்புத் தேடி வெளியூர் சென்று, கிருமியை இரத்தத்தில் சுமந்து திரும்பும் தொழிலாளி எந்தப் படத்திலும் தெரியமாட்டார்.

ஆகவே சுகாதாரப் பணியாளரின் பதிவேடே இந்த விஞ்ஞானத்துக்கு அடிப்படை. எந்த ஊரில், எந்த வாரத்தில், எத்தனை பேர் இரத்தத்தில் கிருமி கண்டது என்ற கணக்கு இல்லையேல், பசுமைப் படத்தையும் வெப்பப் படத்தையும் எதனோடு ஒப்பிடுவது? நம் நாட்டில் 1965-இல் மலேரியா நோயாளர் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தனர். கண்காணிப்புத் தளர்ந்தது, பூச்சிமருந்துக்குக் கொசுக்களும் பழகிக்கொண்டன. 1976-இல் எண்ணிக்கை 64 லட்சமாக உயர்ந்தது. அக்காலத்தில் விண்கலம் இல்லாமல் அன்று நாடு கெட்டது. வீடு வீடாய்ச் சென்று இரத்தம் எடுப்பது குறைந்ததால் கெட்டது. இலங்கையோ கண்காணிப்பை விடாது பற்றி, 2016-இல் மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

வெளியூரிலிருந்து திரும்பியவருக்குக் குளிரும் நடுக்கமுமாய்க் காய்ச்சல் கண்டால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிப் படுத்துவிடாமல் அன்றே சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சென்ற ஊரின் பெயரையும் தங்கிய நாட்களையும் தவறாது பதியச் செய்யுங்கள். பணியாளர் வீட்டுக்கு வரும்போது, 'எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை' என்று வாசலிலேயே அனுப்பிவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அவரை உள்ளே அழைத்து, படுத்திருக்கும் பிள்ளையைக் காட்டுங்கள்.