வெயிலில் நிறுத்தி, "சிரி" என்றால் எப்படி?

கோவில் திருவிழா. குழந்தைக்குப் புதுச் சட்டை. அப்பா கையில் செல்போன். மணி 12.

"இங்கே நில்லு கண்ணு! நிமிர்ந்து பாரு! சிரி!"

குழந்தை எப்படிச் சிரிக்கும்? வெயில் முகத்தில் அடிக்கிறது. கண் கூசுகிறது. செருப்பு இல்லாத கால் சுடுகிறது.

"கண்ணைத் திற" என்று அம்மா அதட்டுகிறாள். இரண்டு தடவை சொல்கிறாள். மூன்றாவது தடவை முதுகில் ஒரு அடி விழுகிறது. குழந்தை அழுகிறது.

படம் வந்துவிட்டது. அதில் இருப்பது குழந்தையின் முகமா? இல்லை, குழந்தை பட்ட வேதனை!

பழைய பழக்கம்

தவறு குழந்தையிடம் இல்லை. பழைய பழக்கத்தில் இருக்கிறது.

1839-ம் ஆண்டில், பிரான்சு நாட்டில் டாகர் என்பவரின் படம் பிடிக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது ஒரு படம் எடுக்கப் பல நிமிடம் ஆயிற்று. நல்ல வெயில் இருந்தால்தான் படம் விழும்.

1900-ம் ஆண்டில், அமெரிக்காவில் "பிரவுனி" என்ற பெட்டிக் காமிரா விற்பனைக்கு வந்தது. விலை 1 டாலர்தான். சாதாரணக் குடும்பங்களும் வாங்கின. மலிவான காமிரா அல்லவா? அதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும். அதனால், படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் சூரியன் இருக்க வேண்டும் என்பது வழக்கம் ஆயிற்று. முதுகுக்குப் பின்னால் சூரியன் என்றால், எதிரே நிற்பவர் முகத்தில் வெயில்!

அந்தக் காமிரா போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைய செல்போன் நிழலிலேயே நன்றாகப் படம் எடுக்கும். பிறகு ஏன் குழந்தையை வாட்ட வேண்டும்?

பளிச்சென்று இருக்குமா?

"வெயில் இருந்தால்தானே படம் பளிச்சென்று இருக்கும்?" என்று சிலர் கேட்பார்கள்.

பளிச்சென்று இருப்பது சட்டை. முகம் அல்ல! உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணில் விழும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். கண் இருக்கும் இடம் குழி போலத் தெரியும்.

குழந்தையை வேப்பமர நிழலுக்கு அழைத்து வரலாம். வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்கலாம். நிழலின் ஓரத்தில், வெளிச்சம் வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் போதும். கண் தானாக மலரும்.

பின்னால் வானம் தெரிந்தால் முகம் கறுத்துவிடும். சுவரோ, செடியோ பின்னால் இருப்பது நல்லது. செல்போன் திரையில் குழந்தையின் முகத்தைத் தொட்டால், முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சம் சரியாகும்.

வெயிலில்தான் எடுக்க வேண்டுமா? காலையில் சூரியன் உதித்த ஒரு மணி நேரமும், மாலையில் மறைவதற்கு முந்திய ஒரு மணி நேரமும் நல்லவை. அப்போது வெயில் சாய்ந்து வருகிறது. உறைப்பு இல்லை. மஞ்சள் பூசியது போல முகம் மின்னும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தையை நேர் வெயிலில் காட்டவே கூடாது. அதன் தோல் தாங்காது.

குழந்தை பொம்மை அல்ல

இன்னொன்று. "சிரி" என்று உத்தரவு போட்டால் சிரிப்பு வராது. பந்தைக் கொடுத்தால் வரும். பாட்டி கூப்பிட்டால் வரும். விளையாடும்போது, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து படம் எடுக்க வேண்டும். அதட்டல் தேவை இல்லை. அடியும் தேவை இல்லை.

படம் எதற்கு? நாளைக்குப் பார்த்து மகிழ்வதற்கு. இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளை படத்தைப் பார்ப்பான்.

"அம்மா, திருவிழா அன்றைக்கு நான் ஏன் அழுதேன்?" என்று கேட்பான்.

"நீ சிரிக்கவில்லை என்று அடித்தேன்" என்று எந்தத் தாயாவது சொல்ல முடியுமா?