தோல் படகும் பாலாறும்

சென்ற வாரம் நாம் ஆசியாக் கண்டத்தின் படத்தைச் சுவரில் மாட்டி, துறைமுகங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தோம். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் தகப்பனார் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளி.

"ஸார், நம்ப பாலாத்துலே ஒரு படகை விட்டா, கடலுக்குப் போய்ச் சேருமா?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். மாலையில் வீடு திரும்பும்போதுதான் வெட்கமாக இருந்தது. பூகோளப் பாடத்தில் இதைவிட நல்ல கேள்வி என்ன இருக்கிறது? கடலையே காணாத ஓர் ஊரில் ஆற்றில் படகை இறக்கி, உலகின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மனிதனின் கதை நமக்குத் தெரியாமலா இருந்தது?

அந்த மனிதன் பெயர் ஆஸ்கர் ஸ்பெக், ஜெர்மானிய வாலிபன். 1932-இல் உலகமெங்கும் வியாபாரம் படுத்திருந்த காலம். செய்துகொண்டிருந்த மின்சார வேலை போயிற்று. சைப்ரஸ் தீவின் செப்புச் சுரங்கங்களில் பிழைப்புத் தேடலாமென்று, கடலுக்கு வெகு தூரத்திலுள்ள உல்ம் என்னும் ஊரில், டான்யூப் நதியில் தன் சிறு படகை இறக்கினான். மரச் சட்டத்தின்மேல் ரப்பர் பூசிய கித்தான் போர்த்தியது, சுமார் 18 அடி நீளம், மடித்துக் கட்டிவிடலாம். இந்த வகைப் படகுக்குக் கயாக் என்று பெயர். சைப்ரஸை அடைந்த பிறகு சுரங்கத்தை மறந்தான், துடுப்பை மறக்கவில்லை. யூப்ரடீஸ் நதி, பாரசீக வளைகுடா, கராச்சி, பம்பாய் என்று கரையோரமாகவே வந்து, 1935-இல் இலங்கையை அடைந்தான். பிறகு சென்னையைக் கடந்து கல்கத்தா, பர்மா, மலேயா, ஜாவா, நியூகினி என்று சென்றான். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் எல்லையிலுள்ள சாய்பாய்த் தீவில் கரையேறினான். ஏழு வருஷம், சுமார் 50,000 கிலோமீட்டர். இதற்குள் மகா யுத்தம் மூண்டுவிட்டது. கரையில் நின்ற போலீஸார் அவனைப் பாராட்டினார்கள். பாராட்டிய கையோடு, விரோதி தேசத்தான் என்று காவலில் வைத்தார்கள்! யுத்தம் முடியும் வரையில் முகாம்வாசம்.

இப்படிப்பட்ட யாத்திரையில் ஒரு நாள் என்பது எப்படியிருக்கும்? மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வீதம் பத்து மணி நேரம் துடுப்புப் போட்டால் ஐம்பது கிலோமீட்டர். ஆம்பூரிலிருந்து வேலூர் வரையுள்ள தூரம். காலை நீட்டி உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாது. உண்பதும் குடிப்பதும் அங்கேயே. விடியுமுன் தரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று இலேசாக இருக்கும். அப்போதே புறப்பட்டுவிட வேண்டும். பிற்பகலில் கடற்காற்று திரும்பி, அலையைக் கிளப்பும். தோள் மரத்துப்போகும், உதட்டில் உப்புப் பூக்கும். இவ்வளவும் பெரிதல்ல. சோழமண்டலக் கரையில் உண்மையான பரீட்சை, களைத்துப்போன மாலையில்தான். கரைக்கு அருகே வரிசை வரிசையாக எழுந்து உடையும் அலைகளைக் கடந்து இறங்க வேண்டும். நடுக்கடலில் பிழைத்தவன், கரைக்கு நூறு கஜத்தில் கவிழ்வதுண்டு. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், கப்பலில் வந்த சீமான்கள், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் படகோட்டிகளை நம்பித்தான் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஸ்பெக்கின் சாகசம் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் அவன் தாண்டிச் சென்ற ஒவ்வொரு குப்பத்திலும், அதே அலையை அதே விடியற்காலையில் வயிற்றுக்காகத் தாண்டியவர்கள் இருந்தார்கள். நான்கைந்து கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம். வாடை எது, கொண்டல் எது, சோழகம் எது என்று முகத்தில் பட்டவுடன் சொல்லும் அறிவு. இங்கிலீஷ் அகராதியில் ஏறிய அந்தக் கட்டுமரத்துக்குச் சொந்தக்காரர் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

மறுநாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னோம். கூடவே இன்னொரு விஷயமும் சொன்னோம். கயாக் என்பது ஆதியில் தோல் படகு. வடதுருவத்தை அடுத்த பனிநாட்டு மக்கள், சீல் என்னும் கடற்பிராணியின் தோலை உரோமம் நீக்கி, மரச் சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்தார்கள். தைத்தவர்கள் பெண்கள். ஊசி தோலின் மறுபக்கம் வராமல், பாதிக் கனத்திலேயே ஓட்டித் தைப்பார்கள். துளையில்லாததால் தண்ணீர் நுழையாது. நம் காவிரியிலும் ஒகேனக்கல் பரிசல்களுக்கு முன்காலத்தில் மாட்டுத் தோலைத்தான் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள். இதைக் கேட்டதும் கடைசிப் பெஞ்சிப் பையனின் முகம் மலர்ந்தது. "எங்கப்பாவும் அப்படித் தோலை இழுத்துப் பிடிப்பாரு, ஸார்!" என்றான். தகப்பனார் தொழிலை அவன் வகுப்பில் தலைநிமிர்ந்து சொன்னது அன்றுதான் முதல் தடவை என்று நமக்குத் தோன்றியது.

ஆனால் அவனுடைய கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டுமே! நந்திமலையருகே பிறக்கும் பாலாறு, தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. படத்தில் நீலக் கோடு தெளிவாகவே இருக்கிறது. வாணியம்பாடிப் பாலத்தில் நின்று பார்த்தாலோ, வருஷத்தில் பெரும்பகுதி மணலும் முள்ளும்தான். 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டோடிய வெள்ளம் ஒரு விதிவிலக்கு. மணலை அள்ளினோம், ஊர்ச் சாக்கடையை விட்டோம், தோல் கழுவிய நீரையும் விட்டோம். இது பற்றி வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில்தான், கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற விதியை 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு நம் தேசத்துச் சட்டமென்று உறுதி செய்தது. நமக்குச் சோறு போடும் தொழிலைப் பழிப்பது நம் நோக்கமல்ல. அந்தச் சோற்றை உண்டுதான் நம் மாணாக்கர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். ஆயினும் சோறும் தண்ணீரும் ஒரே இலையில் பரிமாறவேண்டியவை அல்லவா?

ஸ்பெக் சென்ற வழியில், ஸாண்டி ராப்ஸன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி 2011 முதல் 2016 வரை தனியாகக் கயாக்கில் வந்தார். யுத்தம் நடந்த சில தேசங்களை விட்டுவிட நேர்ந்தது. நம் கரையை விடவில்லை. அவரவர் ஊரின் ஆறு எங்கேயோ கடலைத் தொடுகிறது என்ற நினைப்பே இத்தகைய யாத்திரைகளின் வித்து.

"இப்போதைக்குப் போகாது, தம்பி. மணல் தட்டும்" என்றோம்.

பையன் சற்று யோசித்தான். "அப்போ, நல்ல தண்ணி வந்தா போகும் இல்லே, ஸார்?"

"போகும்" என்றோம். அந்தச் சொல்லை நாம் மட்டும் காப்பாற்ற முடியாது. ஆற்றங்கரையில் வாழும் நேயர்களும் அதில் பங்கேற்க வேண்டும்.