பழைய சொகுசு கார்: விலை இறங்கும், செலவு இறங்காது

வாசகர் கேள்வி

“ஏழு ஏக்கரில் தென்னை இருக்கிறது. புது போர்வெல் போட்டு, சொட்டுநீரும் அமைப்பதற்காக 6 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். மகன் கோவையில் ஒரு கார் பார்த்திருக்கிறான். ஜெர்மன் கம்பெனி, டீசல், எட்டு வருட வண்டி. புதிதில் 45 லட்சமாம், இப்போது 11 லட்சத்துக்குத் தருகிறார்கள். மீதி 5 லட்சத்துக்குக் கடன் கிடைக்கும் என்கிறான். ‘இந்தக் காசுக்குப் புதுக் கார் வாங்கினால் சின்ன வண்டிதான் வரும், இது ராஜா மாதிரி இருக்கும்’ என்று வற்புறுத்துகிறான். வாங்கலாமா?”

- உடுமலைப்பேட்டை பகுதி வாசகர்

பதில்

இந்தக் காரை, இந்தப் பணத்தில் வாங்க வேண்டாம். பழைய சொகுசு கார் என்றாலே மோசம் என்பது இதற்குப் பொருள் அல்ல. கணக்கு தெரிந்து வாங்கியவர்கள் பல ஆண்டுகள் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு வாங்கும் விலையோடு முடிவதில்லை.

45 லட்சம் எப்படி 11 லட்சம் ஆனது?

எந்தக் காரும் ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்கத் தொடங்கும். இன்ஷூரன்ஸ் கணக்கிலேயே ஓர் ஆண்டு கடந்த வண்டிக்கு 20 சதவீதமும், நான்கு ஆண்டு கடந்தால் 50 சதவீதமும் தேய்மானம் கழிக்கிறார்கள். சொகுசு காரில் இறக்கம் இன்னும் வேகமாக இருக்கும். அதைப் புதிதாக வாங்கும் வசதி உள்ளவர் பழையதைத் தேடமாட்டார். பழையதைத் தேடுபவருக்கோ பராமரிப்புச் செலவை நினைத்துப் பயம். கேட்பவர் குறைவு என்பதால் விலை சரிகிறது.

விலை இறங்குவது காருக்கு மட்டும்தான். அதன் உதிரிபாகங்களுக்கு இறங்குவதில்லை. பிரேக் பேட், சஸ்பென்ஷன், ஹெட்லைட் என்று எதை மாற்றினாலும் 45 லட்ச ரூபாய் காருக்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும். பட்டறைக் கூலியும் அப்படியே. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் கழன்றால் செலவு லட்சக்கணக்கில் போகும். ஸ்டெப்னியே இல்லாமல் வரும் சில மாடல்களில் ‘ரன் ஃபிளாட்’ டயர் போட்டிருப்பார்கள். அதன் விலை சாதாரண டயரைப்போல் இரண்டு மூன்று மடங்கு. யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனி போட வேண்டியது வாங்கியவர்தானே!

அதனால் காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கென்று தனியே எடுத்து வைக்க முடிந்தால்தான் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டும். 11 லட்சத்துக் காருக்கு அது 2 லட்சத்துக்கு மேல். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், ஆயில், ஃபில்டர், பேட்டரி, டயர் என்று முதல் ஆறு மாதத்திலேயே அதில் பாதி கரைந்துவிடும்.

கடன் வாங்கினால்?

பழைய காருக்கான கடன் வட்டி, புதுக் காரைவிட அதிகம். 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5 லட்சத்துக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 11,600 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 2 லட்சம். தென்னையில் காய் வெட்டு 45 நாளுக்கு ஒருமுறை வரும், தேங்காய் விலையும் நிலையாக நிற்காது. தவணையோ மாதம் தவறாமல் வந்து நிற்கும். கடன் முடியும்போது காருக்கு வயது 13 ஆகியிருக்கும். தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வயதில் விற்கப் போனால் கிடைப்பது சொற்பம்.

கிசான் கார்டு கடனையோ, விவசாய நகைக் கடனையோ எடுத்துக் காரில் போடும் யோசனையும் சிலருக்கு வருவதுண்டு. அந்தக் குறைந்த வட்டி பயிருக்காகத் தரப்படுவது. காரில் முடங்கிவிட்டால் அடுத்த பருவத்தில் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் வெளி வட்டிக்குத்தான் ஓட வேண்டியிருக்கும்.

காரைப் பார்க்கப் போகும் நாளில்

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பது வழக்கம். காருக்கும் அதே நிதானம் வேண்டும்.

• காலையில் போவது நல்லது. ‘நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லி, போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில் சங்கிலி உரசுவதுபோல் சத்தம் கேட்டால் டைமிங் செயினைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது.

• ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் இரவு முழுக்க நின்ற பிறகு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், காற்று கசிகிறது. இதுவும் காலையில்தான் தெரியும்.

• பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். ‘டக்’கென்று உதைத்தால் கியர் பாக்ஸில் வேலை இருக்கிறது.

• டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயர் ஆபத்து.

• கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பு ஆண்டுக்கான குறி இருக்கும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அது எப்போது, ஏன் உடைந்தது என்று கேட்க வேண்டும்.

• 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. துடைத்து மெருகேற்றினால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். கார்பெட்டைத் தூக்கி, சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துருவைப் பார்க்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டதும் ஈர வாடை அடித்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தக் கார் வேண்டாம். இந்த வகைக் கார்களில் ஒயரிங்கும் கம்ப்யூட்டரும்தான் உயிர். தண்ணீர் புகுந்தால் பழுதுக்கு முடிவே இருக்காது.

• அந்தக் கம்பெனி கார்களைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவரை ஸ்கேனரோடு அழைத்துப் போக வேண்டும். கொடுக்கும் கூலி வீணாகாது. கோளாறுகளை முதல் நாளே அழித்து வைத்திருந்தால் அதையும் ஸ்கேனர் காட்டிக் கொடுக்கும். விற்பவரே ஏற்பாடு செய்யும் மெக்கானிக் கூடாது.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. உரிமையாளர் மூலமாக சேஸ் நம்பரைக் கொடுத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய விவரத்தைக் கேட்கலாம். 2021-ல் 90,000 கிலோமீட்டர் என்று பதிவாகியிருக்கும் கார் இன்று 70,000 காட்டினால் வேறு விசாரணை தேவையில்லை. பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருக்க, மீட்டர் 40,000 என்று காட்டினாலும் அப்படித்தான்.

தோட்டத்து ஓட்டம் தாங்குமா?

பலரும் யோசிக்காமல் விடும் விஷயம் இது. பல சொகுசு டீசல் கார்களில் சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கும. கார் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடும்போதுதான் அதில் சேரும் கரி எரிந்து சுத்தமாகும். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு 4 கிலோமீட்டர், தோட்டத்திலிருந்து கடைவீதிக்கு 3 கிலோமீட்டர் என்று ஓட்டினால் கரி அடைத்துக்கொள்ளும். புதிதாக மாற்றுவது பெரும் செலவு. மாதம் சில நூறு கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் டீசல் சொகுசு கார் பொருந்தாது, பெட்ரோல்தான் சரி.

அடுத்து, தரைக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி. தாழ்ந்த செடான் கார், வண்டித்தடத்தில் ஒரு கல்லில் இடித்தாலும் இன்ஜின் ஆயில் தொட்டி உடையலாம். பஞ்சர் ஆனாலும் அந்த அளவு டயர் பக்கத்து ஊர்க் கடையில் இருக்காது.

காகிதங்கள்

எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், கடன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். இ-சலான் பாக்கியையும் பார்த்துவிட வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். தவறினால் சொந்தக் காரின் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

பாலிசியில் இன்னொரு தகவலும் உண்டு. ‘நோ கிளெய்ம் போனஸ்’ பூஜ்யம் என்று இருந்தால், முந்தைய ஆண்டில் விபத்து இழப்பீடு வாங்கியிருக்கலாம். என்ன விபத்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த போனஸ் உரிமையாளருக்கு உரியது, காரோடு வராது.

டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பிறகு அந்த விதியில் மாற்றங்கள் வந்தாலும், எட்டு ஒன்பது வயது டீசல் கார்கள் மலிவு விலையில் தெற்கே வருவது அப்போதிருந்தே பழக்கமாகிவிட்டது. வெளிமாநிலக் கார் என்றால் படிவம் 28 தடையில்லாச் சான்று வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவு எண் பெற்று, இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். காரின் அசல் விலையையும் வயதையும் வைத்துத்தான் வரி போடுவார்கள். மலிவாக வாங்கினேன் என்பது அங்கே செல்லாது. அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

பணத்தை வங்கி வழியாகக் கொடுப்பதே நல்லது. ஒரு பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லைதான். ஆனாலும் கேட்டால் காட்டுவதற்கு, காய் விற்ற ரசீது கையில் இருக்க வேண்டும்.

உடுமலை வாசகருக்கு

7 ஏக்கர் என்பதால் சிறு, குறு விவசாயிகளுக்கான 100 சதவீத சொட்டுநீர் மானியம் கிடைக்காது. ஆனால் மற்ற விவசாயிகளுக்கான 75 சதவீத மானியம் உண்டு. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விண்ணப்பித்தால் கையிருப்பில் ஒரு பகுதி மிஞ்சவும் கூடும். தண்ணீர் இல்லாமல் ஒரு கோடை போனால் தென்னை குரும்பை கொட்டும், அந்தப் பாதிப்பு அடுத்த ஆண்டு வெட்டிலும் தெரியும். கார் ஒரு வருடம் காத்திருக்கும், மரம் காத்திருக்காது. முதலில் தண்ணீர்.

மகனின் ஆசையையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. இரண்டு வெட்டு, மூன்று வெட்டுப் பணத்தில் மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் போட்டு வரச் சொல்லலாம். கடன் இல்லாமல், ஒதுக்குப் பணத்தோடு கை நிறைந்த பிறகு, நாலைந்து வயதுள்ள, முதல் உரிமையாளர் ஓட்டிய, சர்வீஸ் விவரம் முழுமையாக உள்ள பெட்ரோல் காரைத் தேடலாம். நல்ல மெக்கானிக் கோவையில் இருக்கிறாரா என்பதைக் காரைத் தேடும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கேள்வி

“பழைய காரைப் புரோக்கரிடம் விற்றுவிட்டேன். பெயர் மாற்றத்தைப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். விட்டுவிடலாமா?”

- தாராபுரம் பகுதி வாசகர்

பதில்

விடக் கூடாது. பெயர் மாறாமல் பல கை மாறிய கார் விபத்தில் சிக்கிய ஒரு வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29 வழியாக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தேதி, நேரம் எழுதிய டெலிவரி ரசீதில் வாங்கியவரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் இருக்கட்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.