பிள்ளை வளர்ப்பானை உள்ளுக்குக் கொடுக்கலாமா?

“என் பேத்திக்கு 3 மாதம். சாயங்காலமானால் வயிறு உப்பி, வீறிட்டு அழுகிறாள். வசம்பைச் சுட்டு, தேனில் உரைத்து நாக்கில் தடவலாம் என்கிறேன். மருமகள் மறுக்கிறாள். எது சரி?”
- வாசகி, பாபநாசம்.

உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி. வசம்புக்கு ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர் வைத்தவர்கள் நாம். ஆனால், அதிலுள்ள பீட்டா-அசரோன் நஞ்சுத் தன்மை கொண்டது. அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். சுட்ட பிறகு அதில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்பதை வீட்டில் யாரும் அளக்க முடியாது. கையில் வசம்பு வளையல் கட்டுவதும் வேண்டாம். பிள்ளை அதைச் சப்பும்.

தேன் அதைவிட ஆபத்து. அதில் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது நிறையாத குடலில் அவை முளைத்து, நஞ்சை உண்டாக்கி, கை கால்களைத் தளர்த்தி, மூச்சையே முடக்கிவிடும். கொல்லையில் பெட்டி வைத்து எடுத்த சுத்தமான தேனானாலும் இதே கதைதான்.

பால் குடித்ததும் தோளில் சாய்த்து, முதுகை நீவி ஏப்பம் விடச் செய்யுங்கள். கால்களை மடக்கி வயிற்றோடு மெதுவாக அணையுங்கள். 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது... இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மருந்தடித்த வயலுக்குப் போய் வந்தால், மருமகள் குளித்து, சேலை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும்.

உங்கள் கைப்பக்குவத்துக்கு 6 மாதம் முடிந்ததும் வேலை வரும். அரிசியையும், சம்பா அறுவடைக்குப் பின் வயலில் எடுத்த பச்சைப்பயறையும் வறுத்துப் பொடித்து, குழையக் கஞ்சி காய்ச்சி, துளி நெய் விட்டு ஊட்டுங்கள்.