சாதனம் பழுதா, சாரதி இல்லையா?

பழைய மடிக்கணினி ஒன்றை மலிவாக வாங்கி, அதில் லினக்ஸ் ஏற்றி, திரை ஒளிர்வதைக் கண்டு மகிழ்ந்த மாணவர் அடுத்த கணமே முகம் வாடுவதுண்டு. எல்லாம் இயங்கும், கம்பியில்லா இணைப்பு மாத்திரம் உறங்கிக் கிடக்கும். "அட்டை எரிந்துவிட்டது, புதிது போடவேண்டும்" என்று தீர்ப்புக் கூறக் கடைத்தெருவில் ஆட்களுக்குக் குறைவில்லை. தந்தையார் பணப்பையைத் திறக்குமுன் சற்றுப் பொறுக்குமாறு வேண்டுகின்றோம்.

வண்டி ஓடவில்லையென்றால் வண்டிதான் கெட்டதென்பதில்லை. சாரதி வராமலும் இருக்கலாம். கணினியின் உறுப்புகளுக்கும் அவ்வாறே சாரதிகள் உண்டு. அவற்றை இயக்கிகள் என்பர். லினக்ஸில் அவற்றுட் பெரும்பாலானவை மையக் கருவுடனேயே சேர்ந்து வருதலால், ஒவ்வொன்றுக்கும் இறுவட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை.

உண்மை நிலையைக் கணினியிடமே கேட்கலாம். முனையத்தைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் கே என்ற எழுத்தும் இடுக. உறுப்புகளின் பட்டியல் தோன்றும். அட்டையின் பெயர் அதில் இருந்தால் அது பெரும்பாலும் உயிருடன்தான் இருக்கின்றது. அதன் கீழே இயக்கியின் பெயர் இல்லையேல் சாரதி வரவில்லை என்பது பொருள். அட்டையின் பெயரே இல்லையென்றால் மட்டும் கடைக்காரர் சொல்லுக்குச் செவிசாய்க்கலாம். ஓரத்திலுள்ள சிறு ஆளியை யாரேனும் அணைத்து விட்டார்களா என்றும் பாருங்கள். சிரிப்புக்கிடமான இக்காரணம் நாம் நினைப்பதிலும் அதிகமாக நேர்வது.

சாரதி வந்தும் வண்டி நகராதிருப்பதே வில்லங்கமான நிலை. சில அட்டைகள் தமக்குள் ஓடுவதற்கென ஒரு சிறு நிரலை வேண்டி நிற்கும். இதனை நிலைபொருள் என்பர். டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஆணையை நிருவாகி உரிமையுடன் இட்டால் கருவின் குறிப்பேடு விரியும். நிலைபொருட் கோப்புக் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அங்கே எழுதப்பட்டிருக்கும். மூலநிரல் வெளியிடப்படாத இத்தகைய கோப்புகளை டெபியன் அமைப்பினர் நெடுங்காலம் நிறுவல் வட்டுக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்தனர். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்து அவற்றைச் சேர்த்துக்கொண்டனர். கொள்கை சற்றுத் தளர்ந்ததென்று வருந்தியோர் உளர். மாணவர் பக்கம் நின்று பார்க்கையில் அது நல்ல முடிவென்றே நாம் கருதுகின்றோம்.

ஆயினும் புரோட்கொம் நிறுவனத்தின் பழைய அட்டைகள் சிலவற்றுக்கு இந்த வழி உதவாது. அவற்றின் நிலைபொருளைப் பிறர் விநியோகிக்க அனுமதியில்லாமையால், அதற்கான பொதி அதனை இணையத்திலிருந்தே இறக்க முயலும். இணையத்துக்கு வழி திறக்க இணையம் வேண்டுமாம்!

இதற்கு அண்ட்ரொயிட் கைப்பேசி ஒன்று போதும். அதனை யூஎஸ்பி வடத்தினாற் கணினியுடன் இணைத்து, இணைப்பைப் பகிரும் வசதியைத் தெரிவு செய்தால், பெரும்பாலான லினக்ஸ் வகைகள் வேறு இயக்கி கேளாமலே அதனை ஏற்கும். பொதியை நிறுவிக் கணினியை மீளத் தொடக்கி, அட்டை விழித்துக்கொண்டதும், கைப்பேசியைக் கழற்றி அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.