வீட்டு வளவு: குஞ்சுகள் உயிரோடு வந்து சேர



கோழி, தாரா வளர்ப்புப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் ஒரே கவலை திரும்பத் திரும்ப வருகிறது. வாழ்வாதார உதவியாக இருபத்தைந்து குஞ்சுகள் கிடைத்தன, ஒரு கிழமைக்குள் பாதி செத்துப்போயின, வந்து பார்த்தவர் “உங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்பதே அந்தக் கவலை. இதைக் கேட்ட பிறகு அடுத்த திட்டத்துக்குப் பெயர் கொடுக்கவே கூச்சப்படும் சகோதரிகளும் இருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்தில் 2006ஆம் ஆண்டு சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளிலிருந்து வெளிக்கிட்டவர்கள் ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். சம்பூர் மக்களில் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். வெறும் காணியில் மறுபடி தொடங்கும் ஒரு பெண்ணுக்கு இருபத்தைந்து குஞ்சு சிறிய விடயமல்ல. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். முதல் கிழமையில் சாகும் குஞ்சுகள் எல்லாம் வளர்ப்பவளின் கையால் சாவதில்லை. பல குஞ்சுகளின் சாவு வரும் வழியிலேயே தொடங்கிவிடுகிறது.

மூன்று நாள் கட்டுச்சோறு

கோழி முட்டை 21 நாளிலும், தாரா முட்டை 28 நாளிலும் பொரிக்கும். ஓட்டை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன் குஞ்சு மிச்சமிருக்கும் மஞ்சட்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இது இயற்கை கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. முதலில் பொரித்த குஞ்சு, கடைசி முட்டை பொரிக்கும் வரை தாயின் சிறகுக்குள் பசியின்றிக் காத்திருப்பது இதனால்தான். இதன் பலத்தில் ஏறக்குறைய மூன்று நாள் தீனும் தண்ணீரும் இல்லாமல் அது தாக்குப்பிடிக்கும்.

ஒருநாள் குஞ்சுகளைத் தூர இடங்களுக்கு அனுப்ப முடிவதும் இதனால்தான். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டு முதல் இவற்றைத் தபாலிலேயே அனுப்புகிறார்கள். பொரித்து 72 மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த நேரம் தவறினால் என்ன நடக்கும் என்பதை 2025ஆம் ஆண்டு உலகம் கண்டது. டெலவெயர் மாநிலத்தில் ஒரு தபால் வாகனத்தில் ஏறத்தாழ 12,000 குஞ்சுகள் மூன்று நாள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. ஆயிரக்கணக்கானவை செத்துப்போயின.

இந்த மூன்று நாள் கணக்கு, குஞ்சு பொரித்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. உங்கள் கைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. பொரிப்பகத்தில் தரம் பிரிக்கவும் தடுப்பூசி போடவும் நேரம் போகும். பிறகு லொறி, பிறகு ஒரு களஞ்சியம், பிறகு வைபவம், பேச்சு. உங்கள் முறை வரும்போது கட்டுச்சோறு முடிந்திருக்கலாம். எனவே முதற் கேள்வி இதுதான்: “இந்தக் குஞ்சு எப்போது பொரித்தது?”

ஒரு கிழமை, இரண்டு கிழமைக் குஞ்சுகளுக்கு இந்தக் கட்டுச்சோறு கிடையாது. “சின்னக் குஞ்சே மூன்று நாள் தாங்கும், இது தாங்காதா?” என்று சிலர் நினைப்பதுண்டு. அது பிழை. வளர்ந்த குஞ்சுக்கு வழியில் கட்டாயம் தண்ணீரும் தீனும் வேண்டும்.

பசியை விட வெக்கையே எமன்

குறுகிய பயணத்தில் குஞ்சைக் கொல்வது பெரும்பாலும் பசியல்ல. வெக்கையும் மூச்சுத் திணறலும்தான். பொரித்த குஞ்சுக்கு முதற் கிழமையில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு தேவை. ஆனால் பல குஞ்சுகள் ஒன்றாக இருக்கும்போது அவற்றின் உடற்சூடே பெட்டியை வேகமாகச் சூடாக்கிவிடும். எங்கள் ஊரில் கச்சான் காற்று வீசும் காலத்து மத்தியான வெயிலில் காற்றோட்டமில்லாத பெட்டி அடுப்புக்குச் சமன்.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் ஊடாக வரும் இந்தப் பாதையில் இரவுப் பயணமே நல்லது. விடியற்காலையில் வந்து சேர்ந்தால், வெயில் ஏறுமுன் குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். பஸ்ஸின் பின்பக்கச் சாமான் அறைக்குள் பெட்டியை வைக்க ஒருபோதும் விடாதீர்கள். எஞ்சினுக்குப் பக்கத்திலும் வேண்டாம். காலடியில், காற்றுப் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேரே வீசும் யன்னற் காற்றும் கூடாது.

2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அக்கரைக்குப் போகிறவர்கள் மிதவைப் பாதைக்காகக் கரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. குஞ்சுப் பெட்டிக்கு அந்தக் காத்திருப்பே பெரிய ஆபத்து. இன்று பாலம் இருக்கிறது. ஆனாலும் பஸ் நிலையத்தில், கடைவாசலில், ஓட்டோவுக்காக நிற்கும் இடத்தில் அதே ஆபத்து உண்டு. ஓடும் வாகனத்தை விட, நிற்கும் வாகனம்தான் பெட்டியைச் சூடாக்குகிறது.

மாரிமழையில் பெட்டியைப் பொலித்தீனால் முழுதாகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குஞ்சு நனையாது, மூச்சடைத்துச் சாகும். மேற்பக்கத்தை மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்

பொரிப்பகங்கள் வழக்கமாக 100 கோழிக்குஞ்சு வைக்கும் பெட்டியை நான்கு அறைகளாகப் பிரித்து, அறைக்கு 25 வீதம் வைக்கும். காரணம், வாகனம் குலுங்கும்போது எல்லாக் குஞ்சும் ஒரு மூலைக்குச் சரிந்து ஒன்றையொன்று நசுக்கக் கூடாது என்பதே. வீட்டில் காட்போட் பெட்டி தயாரிக்கும்போதும் நடுவில் மட்டை வைத்துப் பிரியுங்கள். நான்கு பக்கமும் விரல் நுழையும் அளவில் துளைகள் இடுங்கள். பெட்டிகளை அடுக்க நேர்ந்தால், இடையில் இரண்டு தடி வைத்துக் காற்றுப் போக வழி விடுங்கள்.

அடியில் வெறும் பேப்பர் விரிக்காதீர்கள். வழுக்கும் தரையில் பிஞ்சுக் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்துவிடும். அப்படிக் கால் விரிந்த குஞ்சு எழுந்து நடப்பது கடினம். உலர்ந்த வைக்கோல், அல்லது ஒரு சாக்குத் துண்டு போதும்.

தாராக்குஞ்சு உருவில் பெரியது. அதிகம் தண்ணீர் குடிப்பது, ஈரமாக எச்சமிடுவது. ஆகவே 25 கோழிக்குஞ்சு கொள்ளும் இடத்தில் நான் 15 தாராக்குஞ்சுக்கு மேல் வைப்பதில்லை. பெட்டிக்குள் தண்ணீர்ப் பாத்திரம் வைக்க வேண்டாம். அது கவிழ்ந்து, நனைந்த குஞ்சு குளிரில் விறைத்துவிடும். தூரம் அதிகமானால் வெள்ளரிக்காய்த் துண்டோ வத்தகப்பழத் துண்டோ போடுங்கள்.

பென்டம் வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். ஜாவாத் தீவின் பன்டென் துறைமுகத்தின் பெயர்தான் இந்தச் சிறு கோழிக்கு வந்தது. சின்ன உடம்பு விரைவில் குளிரும். ஐந்தாறு பென்டம் குஞ்சை ஒரு பெரிய பெட்டியில் தனியாக விடாதீர்கள். சிறிய பெட்டியில் நெருக்கமாக வையுங்கள். பெரிய தாராக்குஞ்சுகளோடு கலக்கவும் கூடாது. அவை மிதித்துவிடும்.

குஞ்சுகள் தாமே சொல்லும். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கீச்சிட்டுக் கத்தினால் குளிர். அலகைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை விரித்துக் கிடந்தால் வெக்கை. பரவலாக இருந்து மெல்லக் கதைப்பது போல் சத்தமிட்டால் சுகம். மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து பாருங்கள்.

வீடு வந்ததும்

குஞ்சு வருவதற்கு முன்பே இடத்தைச் சூடாக்கி வையுங்கள். மின்குமிழ் இல்லாத வீட்டில், வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி வைக்கலாம். ஆறியதும் மாற்ற வேண்டும். முதலில் தண்ணீர், பிறகே தீன். ஒரு லீற்றர் ஆறிய நீரில் இரண்டு மேசைக்கரண்டி சீனி கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு தரம் தொட்டு நனையுங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்துத் தீன் போடுங்கள். சீனித் தண்ணீர் முதல் சில மணித்தியாலத்துக்கு மட்டுமே; பிறகு வெறும் தண்ணீர்.

தாராக்குஞ்சுக்கு மூக்குத் துளை நனையும் ஆழத்தில் தண்ணீர் வேண்டும். ஆனால் உள்ளே இறங்கி நீந்த விடக்கூடாது. தாயோடு திரியும் குஞ்சின் இறகில் இருக்கும் எண்ணெய்ப் பசை, பொறியில் பொரித்த குஞ்சுக்கு இருக்காது. தீன் தின்னும்போது பக்கத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் உலர்ந்த தீன் தொண்டையில் அடைக்கும். வந்த பெட்டியைத் திரும்பப் பாவிக்காமல் எரித்துவிடுங்கள்.

கையெழுத்து வைக்கும் முன்

உதவியாகத் தரப்படும் பொருளை எண்ணிப் பார்ப்பது நன்றி கெட்ட செயல் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. அது உங்கள் பெயரில் எழுதப்படும் உடைமை. கொண்டு வந்தவரின் முன்னாலேயே பெட்டியைத் திறவுங்கள். உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை, நிற்க முடியாதது எத்தனை என்று எண்ணி, அந்தக் கணக்கைக் கையெழுத்துக்கு மேலே எழுதச் சொல்லுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் ஒரு படம் எடுங்கள். பொரித்த திகதி, போட்ட தடுப்பூசி, பொரிப்பகத்தின் பெயர் மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு சாவு ஏற்பட்டால், இந்தத் தாளோடு உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போகலாம். அப்போது “வளர்க்கத் தெரியவில்லை” என்று யாரும் இலேசில் சொல்ல முடியாது.

கூட்டமாகக் குஞ்சு பெறுகிறவர்கள், பங்கீட்டைக் காலை எட்டு மணிக்கு முன் வைக்குமாறு முன்கூட்டியே கேளுங்கள். பேச்சுகளைக் குஞ்சு கொடுத்த பின் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதம், பூஞ்சணம் பிடித்த தீன் தாராக்குஞ்சுக்கு ஏன் நஞ்சாகிறது என்பதைப் பார்ப்போம். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.